சன்னிவேலிலிருந்து ஹூஸ்டனுக்கு டிரக்கில் போன தாஜ் மகால்

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சஸுக்கு உடையக்கூடிய சாமானை வாடகை டிரக்கில் எடுத்துப்போகலாமா, எந்த வழி நல்லது என்று. போகலாம். நான் போயிருக்கிறேன். 1997 ஆகஸ்டில், இன்டர்ஸ்டேட் 10 வழியாக, ஒரு தாஜ் மகாலை ஏற்றிக்கொண்டு. வழியைப் பற்றியும் சொல்கிறேன், அந்தப் பயணத்தைப் பற்றியும் சொல்கிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கரூர். சென்னையில் ஆர்க்கிடெக்சர் படித்தேன். கல்யாணம் முடிந்து சன்னிவேலுக்கு வந்தபோது என் பாஸ்போர்ட்டில் இருந்தது H-4, அதாவது கணவரைச் சார்ந்து இருக்கும் விசா. அதில் வேலை பார்க்கக்கூடாது. என் கணவர் தங்கவேல் கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஒரு கம்பெனியில் ஒய்டூகே புரோகிராமர், அதாவது 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பாமல் சரிசெய்கிற வேலை. அவர் காலையில் கிளம்பிவிட்டால் இரண்டு அறை அபார்ட்மென்டில் நானும் டிவியும்தான். முதல் வருஷம் லைப்ரரி, இரண்டாம் வருஷம் சமையல். மூன்றாம் வருஷத்தில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெரிய சாலையான எல் கமினோ ரியலில் எங்கே போகிறோம் என்று தெரியாமலே மைல் கணக்கில் நடப்பேன். அப்படி நடந்த ஒரு நாளில்தான் ஆர்ட் சப்ளைஸ் கடைக்குள் நுழைந்து வெள்ளை அட்டை வாங்கினேன்.

ஏன் தாஜ் மகால் என்று எல்லோரும் கேட்டார்கள். மூன்றாம் ஆண்டுக் கல்விச் சுற்றுலாவில் ஆக்ராவில் நான்கு நாள் இருந்து அதை வரைந்திருந்தேன், கையில் அளவுகள் இருந்தன. காரணம் அவ்வளவுதான். அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கை ஓர் அடியாகக் கணக்குப் போட்டேன். அந்த அளவில் கட்டினால் நடுக்கட்டடம் எங்கள் வாசற்கதவில் அரை அங்குல இடைவெளியில் வெளியே வரும். கீழே உள்ள மேடை ஐந்தடிச் சதுரம், அதை இரண்டு பாதியாகச் செய்தேன். நான்கு மூலைக் கோபுரங்களான மினார்கள் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல்.

வேலை எட்டு மாதம் பிடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேர் என்று ஒரே கல்லாகத் தெரிகிற கட்டடம் அது. கிட்டே போனால்தான் எவ்வளவு சூட்சுமம் செய்திருக்கிறார்கள் என்பது புரியும். பெரிய வளைவைச் சுற்றி ஓடுகிற எழுத்துகள் மேலே போகப்போகப் பெரிதாகின்றன. அப்போதுதான் கீழே நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். நான் அந்த எழுத்துப் பட்டைகளைக் ஜெராக்ஸ் கடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி எடுத்து ஒட்டினேன். எனக்கு அரபி படிக்கத் தெரியாது. தலைகீழாக ஒட்டிவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எண் போட்டேன். வளைவின் ஓரத்தூண்களில் கறுப்பும் மஞ்சளும் மீன்முள் மாதிரி சாய்வாகப் பதித்திருப்பார்கள். தூணுக்குப் பல பட்டை இருப்பதுபோல அது கண்ணை ஏமாற்றும். அதற்குத் தையல் நூல். சுவரில் பதித்த சிவப்பு, பச்சை, நீலக் கற்பூக்களுக்கு நெயில் பாலிஷும் ஊசி முனையும்.

அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகை விளம்பரத்தில் ஹூஸ்டன் முகவரியைப் பார்த்தேன். மியூசியங்களுக்கும் ஆர்க்கிடெக்டுகளுக்கும் மாடல் செய்துகொடுக்கும் சின்ன ஆபீஸ். நடத்துபவர் லின்டா என்ற அமெரிக்கப் பெண். போன் செய்தேன். "போட்டோவ வெச்சு நான் யாரையும் எடுக்கறதில்ல. பொருளைக் கண்ணால பாக்கணும்" என்றார் ஆங்கிலத்தில். பிடித்திருந்தால் விசாவுக்கு ஸ்பான்சர் செய்வதாகவும் சொன்னார். அந்த மாதமே ஹூஸ்டனில் இருக்கும் என் கல்லூரித் தோழி பானு போன் செய்தாள். சுதந்திரப் பொன்விழாவுக்கு அங்குள்ள இந்தியர் சங்கத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் கண்காட்சி.

"உன் தாஜ் மகாலைக் கொண்டு வாடி. டிரக் வாடகைய நாங்க குடுத்துடறோம். நீ சொன்ன அந்த லின்டா அம்மாவையும் சனிக்கிழமை காலைல வரச் சொல்லிடலாம்" என்றாள்.

தங்கவேலிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கிரீன் கார்டு வந்துட்டா நீ எங்க வேணா வேலை பாக்கலாமே. இன்னும் மூணு வருஷம்தான்."

"மூணு வருஷம் நான் என்னங்க பண்றது?"

அவர் மறுநாள் ஆபீசில் லீவு கேட்டுவிட்டு வந்தார்.

முதல் நாள்: சன்னிவேல் – இன்டியோ (480 மைல்)

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பத்தடி டிரக், ஹூஸ்டனிலேயே விட்டுவிடுகிற ஒருவழி வாடகை. பெட்ரோல் காலனுக்கு ஒன்றேகால் டாலர், காலனுக்குப் பத்து மைல்தான் ஓடும். பெட்ரோலுக்கே இருநூற்றைம்பது டாலர் வைத்துக்கொண்டோம். வாடகைப் பத்திரம் அவர் பேரில் இருந்ததால் நான் ஓட்டக்கூடாது. அது பெரிய தண்டனை. ஸ்டியரிங் பிடித்திருந்தாலாவது கைக்கு வேலை இருந்திருக்கும். இன்டர்ஸ்டேட் 5-இல் பின்னால் 'டக்' என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் நிறுத்தச் சொன்னேன். பின்கதவைத் திறந்து பார்ப்பேன். ஒன்றும் ஆகியிருக்காது.

நான்காவது முறை நிறுத்தியபோது அவர் சொன்னார்: "சுமதி, நீ இப்படியே பண்ணுனா நாம போய்ச் சேரும்போது தீபாவளி வந்துரும்."

லாஸ் ஏஞ்சலஸ் தாண்டி இன்டியோவில் தங்கினோம். அறை முப்பத்திரண்டு டாலர். வெளியில் அடுப்பைத் திறந்துவைத்த மாதிரி காற்று. அந்த வெப்பம் டிரக்குக்குள் என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சன்னிவேல் வெயில் அப்படியொன்றைக் காட்டியதே இல்லை.

இரண்டாம் நாள்: இன்டியோ – டூசான் (390 மைல்)

ஃபீனிக்ஸ் தாண்டி ஒரு ரெஸ்ட் ஏரியாவில், பிற்பகல் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தேன். முதலில் வந்தது வாசனை. உருகிய பசை வாசனை. ஹாட் க்ளூ வைத்து ஒட்டிய இடமெல்லாம் விட்டிருந்தது. பெரிய குவிமாடம் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தது. ஒரு மினார் படுத்துக் கிடந்தது, இன்னொன்று கட்டிவைத்த பெல்ட்டில் தொங்கியது. எழுத்துப் பட்டைகள் மொட்டைமாடியில் காய்ந்த வடகம் மாதிரி சுருண்டு விழுந்திருந்தன.

நான் அழவில்லை. டிரக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எத்தனை சுற்று என்று தெரியாது. தங்கவேல் உள்ளே ஏறி, விழுந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எங்கள் துணிப்பெட்டியில் வைத்தார். தன் சட்டைகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் வைத்தார்.

"திரும்பிரலாமா?" என்று கேட்டேன்.

"திரும்புனாலும் இதே வெயில்தான். ஏசி இருக்கற எடத்துக்கு மொதல்ல போவோம்."

டூசானில் ஃப்ரீவேயை ஒட்டி ஒரு மோட்டல். நடத்துபவர் ஹன்சாபென், குஜராத்தி. ஐம்பது வயதிருக்கும். அறை எடுக்க வந்தவர்கள் கையில் ஒரு குவிமாடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து கவுன்டரை விட்டு வெளியே வந்தார். என் ஹிந்தி, பள்ளியில் பரீட்சைக்காகப் படித்த ஹிந்தி. அதில் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

"ரூம் கட்டில்ல வெச்சு வேலை செய்ய முடியாது. லாண்டிரி ரூம்ல நீளமான டேபிள் இருக்கு. ஏசியும் நல்லா ஓடும். அங்க வெச்சுக்கோங்க. படுக்கை விரிப்பு மடிக்க எனக்கு வேற எடம் இருக்கு" என்றார்.

டூசானில் வியாழனும் வெள்ளி காலையும்

கண்காட்சி சனிக்கிழமை. ஹூஸ்டன் இன்னும் ஆயிரத்து எழுபது மைல். தங்கவேல் ஹார்டுவேர் கடையிலிருந்து எபாக்சி பசை வாங்கிவந்தார். வெயிலுக்கு உருகாத பசை. கலந்தால் ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும். அதற்குள் சரியாக வைத்துவிட வேண்டும், அப்புறம் அசைக்க முடியாது.

குவிமாடத்தைக் கழற்றி வைத்தபோது அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எட்டு மாதம் அது எங்கள் ஹாலில் இருந்தது, அப்போதெல்லாம் அவர் உள்ளே பார்த்ததில்லை.

"இதென்ன, உள்ள இன்னொரு கூரை?"

"இரட்டைக் குவிமாடங்க. வெளிய இருக்கறது தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்கு. அது உயரம். அதே உயரத்த உள்ள விட்டா கிணத்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்கும். அதான் உள்ள தாழ்வா ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல காலி எடம்."

உள்கூரையையும் எடுத்தேன். எண்கோணத் தடுப்பு, அதில் பளிங்கை லேஸ் மாதிரி குடைந்த வலை வேலை. அதற்குள் இரண்டு கல்லறைகள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணு நடுவுல இருக்குது. இன்னொண்ணு ஏன் ஓரமா இருக்குது? கழண்டுருச்சா?"

"இல்ல. அங்கயும் அப்படித்தான். மும்தாஜுக்குத்தான் கட்டினது, அவ சரியா நடுவுல. ஷாஜகான் பின்னாடி செத்தப்ப மேற்குப் பக்கம் ஒட்டி வெச்சாங்க. அந்த வளாகத்துல இடதும் வலதும் எல்லாம் ஒண்ணு போல இருக்கும். மேற்குல மசூதி இருக்குதுன்னு கிழக்குல அதே மாதிரி இன்னொரு கட்டடமே கட்டியிருக்காங்க. அவர் கல்லறை ஒண்ணுதான் கணக்குல சேராதது. நெஜமான சமாதி ரெண்டும் இதுக்குக் கீழ, நிலவறையில."

"அப்ப அவர் தனக்குன்னு எடமே ஒதுக்கலையா?"

"தெரியலங்க."

அவர் உள்கூரையைத் தானே எடுத்து மூடினார்.

மினார்களை ஒட்டும்போது சண்டை வந்தது. அவர் மட்டம் பார்க்கிற லெவல் வைத்து நேராக நிறுத்தினார். நான் வெளிப்பக்கம் லேசாகச் சாய்க்கச் சொன்னேன். ஆக்ராவில் நான்குமே துளி வெளிப்பக்கம் சாய்ந்தவை. பூகம்பத்தில் விழுந்தாலும் சமாதி மேல் விழாது என்பார்கள். நேராக நிறுத்தினால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே சாய்ந்ததுபோலத் தோன்றும் என்றும் சொல்வார்கள்.

"எவ்வளவு சாய்க்கணும்?"

"இந்த அளவு." நகத்தைக் காட்டினேன்.

மூன்று சரியாக வந்தன. நான்காவதைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் கை களைத்து வழுக்கியது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் பசை இறுகிவிட்டது. தென்மேற்கு மினார் மற்றதைவிட அதிகமாகச் சாய்ந்து நின்றது. இழுத்தால் மேடையே பெயர்ந்துவிடும். அப்படியே விட்டோம்.

சுருண்ட எழுத்துப் பட்டைகளை நிமிர்த்தியது ஹன்சாபென்தான். துண்டு விரித்து, மேலே இன்னொரு துண்டு போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினார். பென்சில் எண்ணைப் பார்த்து வரிசையாக அடுக்கித் தந்தார். அவர் தாஜ் மகால் பார்த்ததில்லை. "குஜராத்ல நவ்சாரியிலேர்ந்து நேரா இங்க வந்துட்டேன். ஆக்ரா எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது" என்றார்.

வியாழன் மாலை பானுவுக்கு போன் போட்டேன்.

"லின்டா சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றாங்கடி. ஞாயித்துக்கிழமை ஊர்ல இல்லையாம். எப்படியாவது வந்துடேன்."

ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாலும் சாலைக் குலுக்கலைத் தாங்க வெள்ளி பகல் வரை பசை காய விட்டாக வேண்டும். இரவெல்லாம் ஓட்டுகிறேன் என்றார் தங்கவேல். பகலெல்லாம் குனிந்தே நின்றவர். கண் சிவந்திருந்தது. வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு மோட்டல் கார் பார்க்கிங்கில் நடந்துகொண்டே இருந்தேன்.

டூசான் – எல் பாசோ (320 மைல்), எல் பாசோ – சான் அன்டோனியோ (550 மைல்)

வெள்ளி இரண்டு மணிக்குக் கிளம்பி இரவு எல் பாசோ. சனிக்கிழமை விடியுமுன் மறுபடி சாலை. மேற்கு டெக்சஸ் பற்றி ஒரே எச்சரிக்கை: பெட்ரோல் பாதியாகக் குறைந்ததுமே நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த பங்க் எங்கே என்று தெரியாது. மணிக்கணக்கில் வளைவே இல்லாத சாலை, இரண்டு பக்கமும் புதர். அங்கே ரேடியோவும் எடுக்கவில்லை.

பத்து மணி ஆனபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஹூஸ்டனில் அந்த அம்மா வெறும் மேஜையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

ரொம்ப தூரம் போன பிறகு அவர் கேட்டார்: "ஒருவேளை கெடச்சிருந்தா என்ன பண்ணிருப்போம்?"

"என்னது?"

"வேலை. அது ஹூஸ்டன்ல இருக்குது. நாம சன்னிவேல்ல இருக்கறோம்."

ஒரு மாதமாக இரண்டு பேரும் தொடாமல் வைத்திருந்த கேள்வி அது.

"தெரியலங்க."

"தெரியாமயா ரெண்டாயிரம் மைல் வர்றோம்?"

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார். பிறகு, "எனக்கும் தெரியல. நீ எங்க போறோம்னு தெரியாம நடந்துட்டு இருந்தது தாங்கல. அதான் வந்தேன்" என்றார். அதற்கப்புறம் சான் அன்டோனியோ வரை பெட்ரோல், தண்ணீர், பாத்ரூம் தவிர வேறு பேச்சில்லை.

ஹூஸ்டன் (200 மைல்)

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பானுவின் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் வந்து இறக்கினார்கள். கண்காட்சியில் நல்ல கூட்டம். குழந்தைகள் மேடை ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்கள். ஓர் அங்கிள் சீரியல் பல்பு சுற்றினால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று மூன்று முறை வந்து சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பானுவின் போனிலிருந்து லின்டாவின் ஆன்சரிங் மெஷினில் விஷயத்தைச் சொன்னேன். திங்கள் மதியம் வரை மாடல் இங்கேயே இருக்கும் என்றும் சொன்னேன்.

தங்கவேலுக்குத் திங்கட்கிழமை ஆபீஸ். ஞாயிறு மாலை விமானம். கல்யாணமான பிறகு ஒரு இரவுகூட நாங்கள் வெவ்வேறு ஊரில் இருந்ததில்லை. விமான நிலையத்தில், "சாப்புடு" என்றார். அவ்வளவுதான்.

திங்கள் காலை ஹாலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது ஓர் உயரமான பெண்மணி உள்ளே வந்தார். லின்டா. கை குலுக்கிவிட்டுத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கன்னத்தை மேடையோடு ஒட்டிவைத்து, மனிதர் நிற்கும் உயரத்திலிருந்து பெரிய வளைவை நிமிர்ந்து பார்த்தார். எழுத்து அளவு மாறுவதைக் கண்டுபிடித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். சுற்றி வந்தார். தென்மேற்கு மூலையில் நின்றார்.

"மினார் சாயறது டிசைனா, தப்பா?" என்று கேட்டார்.

எல்லாம் டிசைன்தான் என்று சொல்லியிருக்கலாம். "மூணு டிசைன். நாலாவது தப்பு" என்றேன். வெயில், உருகிய பசை, லாண்டிரி அறை எல்லாவற்றையும் சொன்னேன்.

"இவ்வளவும் விழுந்துச்சா? எது விழுந்துச்சு, காட்டு."

காட்டினேன். குவிமாடம், எழுத்துகள், தூண்கள், மினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒட்டிய இடம் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார்.

"ஒன்றரை நாள்ல?"

"ரெண்டு பேர் உதவி பண்ணாங்க."

"எங்ககிட்ட அழகா செய்யறவங்க இருக்காங்க. ஆனா எந்த மாடலும் முழுசா ஊர் போய்ச் சேர்றதில்ல. உடைஞ்சத அங்கயே நின்னு சரி பண்ற ஆள்தான் எனக்கு இல்ல" என்றார். பேப்பரெல்லாம் முடிய நான்கைந்து மாதம் ஆகும், ஜனவரியில் சேரலாம், மாடல் அதுவரை தன் ஆபீசில் இருக்கட்டும் என்றார்.

அன்று மாலை சன்னிவேலுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். 

"எப்பச் சேரணும்?"

"ஜனவரி."

"சரி. டிக்கெட் எத்தன மணிக்கு? ஏர்போர்ட்டுக்கு வந்தர்றேன்." வேறெதுவும் கேட்கவில்லை. அந்த நான்கு மாதமும் அவர் அதைப் பற்றி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு

கோடையில் இன்டர்ஸ்டேட் 10 வேண்டாம். அக்டோபருக்குப் பிறகு போங்கள். கோடையில்தான் போயாக வேண்டுமென்றால் ஹாட் க்ளூ, ஸ்ப்ரே பசை இரண்டையும் நம்பாதீர்கள். டிரக்கின் பெட்டிக்குள் ஏசி வராது, வெளியே நூற்றுப்பத்து டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் உள்ளே இன்னும் அதிகம். கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் எண் போடுங்கள். ரிப்பேர் சாமான்களைப் பின்பெட்டியில் வைக்காமல் கையோடு முன்சீட்டில் வையுங்கள். வாடகைப் பத்திரத்தில் இரண்டு டிரைவர் பேரையும் சேர்க்கச் சொல்லுங்கள். நான்கு நாள் பயணத்துக்கு ஆறு நாள் ஒதுக்குங்கள். எங்களுக்கு அது இருந்திருந்தால் சனிக்கிழமை பத்து மணியைத் தவறவிட்டிருக்க மாட்டோம். ஆனால் அப்போது ஒன்றும் உடையாத மாடலைத்தான் லின்டா பார்த்திருப்பார். எனக்கு வேலை கிடைத்திருக்குமா என்று சொல்ல முடியாது.

ஜனவரியில் எங்கள் காரில் அதே வழியில் மறுபடி போனோம். வெயில் இல்லை, இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினோம். லாண்டிரி டேபிளுக்கு நன்றி சொல்ல டூசானில் ஒரு ராத்திரி தங்கினோம். சாமானெல்லாம் தங்கவேல்தான் கட்டினார். ஹூஸ்டனில் ஆபீசுக்குப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட் பிடித்து, காரையும் எனக்கே விட்டுவிட்டு அவர் விமானத்தில் திரும்பினார்.

அவர் போன பிறகு சமையலறைப் பெட்டிகளைப் பிரித்தேன். குக்கர் இரண்டும் இருந்தன. தோசைக்கல், கிரைண்டர், மிக்ஸி, காபி ஃபில்டர், அரிசி டப்பா, கரண்டிகள் எல்லாம் இருந்தன. அடியில் காய்கறி வெட்டுகிற பலகையும் இருந்தது. அவர் வீடு போய்ச் சேரும் நேரம் பார்த்து போன் செய்தேன்.

"ஏங்க, எல்லாத்தையும் எனக்கே கட்டிக் குடுத்துட்டீங்களே. அங்க என்ன இருக்குது?"

"ஒரு தட்டு, ஒரு டம்ளர்."

"அத வெச்சு எப்படிங்க குடித்தனம் பண்ணுவீங்க?"

"குடித்தனம் அங்கதான. நான் இங்க ஒரு வேலை தேடி முடிக்கற வரைக்கும் இருக்கறேன். ஹூஸ்டன்ல ரெண்டு எடத்துக்கு அப்ளை பண்ணியாச்சு. சாம்பார்ப் பொடிய மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டேன், தேடாத."